பங்சார் கைரோபிராக்டிக் கிளினிக்: முதல் தடவை போகிறவர்களுக்கு

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் தையல் கடை வைத்திருக்கிறேன். தீபாவளி நெருங்கினால் மெஷினை விட்டு எழ முடியாது. இடுப்பு வலி அப்படித்தான் வந்தது. இப்போது பங்சாரில் கடைவரிசை மாடியில் இருக்கும் ஒரு கைரோபிராக்டிக் கிளினிக்குக்குப் போய் வருகிறேன். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தி, அசைத்துச் செய்யும் சிகிச்சை இது. அப்படி அழுத்தும்போது வருவதாக எல்லோரும் பேசுகிற அந்த ‘டக்’ சத்தத்தைவிட, அதற்கு முன்னால் அங்கே கேட்ட கேள்விகள்தான் எனக்குப் பிடித்தன.

காய்ச்சல் உண்டா, காரணமில்லாமல் எடை குறைந்ததா, எலும்பு பலவீனம் இருக்கிறதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேனா என்று பொறுமையாகக் கேட்டார் எனக்குச் சிகிச்சை தரும் பெண் கைரோபிராக்டர். “சிறுநீர் அடக்க முடியலைன்னாலோ, தொடைகளுக்கு நடுவுல மரத்துப் போனாலோ இங்க வராதீங்க ஆன்ட்டி, நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க” என்றார். அந்த இடத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அப்புறம் குனியச் சொன்னார், காலைத் தூக்கிப் பார்த்தார், முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். அதற்குப் பிறகுதான் முதுகில் கை வைத்தார்.

சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாவதால் வருவது அது, எலும்பு உடைவதில்லை. சத்தம் வராவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. மறுநாள் கொஞ்சம் வலிக்கும் என்று முன்கூட்டியே சொன்னார், வலித்தது.

கழுத்து விஷயத்தில் மட்டும் கவனம். அதை வேகமாகத் திருப்பும்போது ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போகக்கூடும். அரிது, ஆனால் உண்டு. எனக்கு வேண்டாம் என்றேன். சரி என்று மென்மையான முறையில் சிகிச்சை செய்தார். மறுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கைரோபிராக்டர் மருந்து எழுதித் தருகிற டாக்டர் இல்லை. ஆனால் இது பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் 2016-இன் கீழ் மலேசியாவில் அங்கீகரிக்கப்பட்ட துறை. புக்கிட் ஜாலிலில் உள்ள ஐ.எம்.யு. பல்கலைக்கழகத்தில் இதற்குப் பட்டப்படிப்பே உண்டு. பதிவுச் சான்றிதழைத் தயங்காமல் கேளுங்கள். ஆஸ்துமா, நீரிழிவு எல்லாம் குணமாகும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இதற்கு முன் போன வேறோர் இடத்தில் முதல் நாளே ஒரு வருடத்துக்கான பேக்கேஜை நீட்டி, இன்றே கட்டினால் தள்ளுபடி என்றார்கள். வலி எப்படிக் குறைகிறது என்று பார்க்காமல் அத்தனை நாள் எப்படிக் கணக்குப் போட முடியும்?

இங்கே ஒவ்வொரு தடவையும் தனியாகத்தான் கட்டணம். முதல் நாள் 180 வெள்ளி (ரிங்கிட்), பிறகு 100. மலிவில்லை. ஆனால் வீட்டில் செய்யப் பயிற்சி கற்றுத் தருகிறார்கள், எனக்குப் பாதி வேலை அதுதான் செய்தது. வலி முழுக்கப் போகவில்லை. இப்போது அரை மணிக்கொரு தடவை எழுந்து நடந்துவிட்டு மறுபடி தைக்க முடிகிறது.

பெண்கள் சேலையில் போகாதீர்கள், குப்புறப் படுக்க வேண்டியிருக்கும். தளர்வான கால்சட்டையும் டி-ஷர்ட்டும் போதும். பெண் கைரோபிராக்டர் வேண்டுமென்றால் போனில் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை கூட்டம், கார் நிறுத்த இடமே கிடைக்காது.