புறநகர் நிலையத்தின் மட்கு உரம்: ஒரு மதிப்பீடு

சென்னைப் புறநகரில் காய்கறிக் கழிவையும் வைக்கோலையும் திறந்தவெளியில் நீண்ட குவியல்களாக அடுக்கி மட்கவைக்கும் நிலையமொன்றின் உரத்தை மாடித்தோட்டத்திற்காக வாங்கினேன். குவியலின் உட்புற வெப்பம் 55 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் 15 நாட்கள் நீடித்து, அதற்குள் ஐந்து முறையேனும் புரட்டப்பட்டால்தான் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் அழியும்; இங்கே நீண்ட தண்டுள்ள வெப்பமானியைச் செருகி அளவெடுப்பதையும், கார்பன், நைட்ரஜன் விகிதம் ஏறத்தாழ 30:1 ஆக அமையுமாறு பச்சைக் கழிவோடு சருகு கலப்பதையும் நேரில் கண்டு மகிழ்ந்தேன். உரம் கருமையாகவும் உதிரியாகவும் மண் மணத்தோடும் இருந்தது. வடகிழக்குப் பருவமழையில் குவியல் ஊறினால் காற்றோட்டம் அடைபட்டு நாற்றமெடுக்கும் என்பதால் தார்ப்பாய் போர்த்தியிருந்தனர். ஆனால், சலித்ததாகச் சொல்லி விற்ற மூட்டையில் நெகிழித் துணுக்குகள் கிடந்தன. கீரைப் பாத்திக்கு இடும் பொருளில் இதை ஏற்கவே இயலாது. சலிப்பு சீராகும்வரை பூச்செடிகளுக்கு மட்டுமே இவ்வுரத்தைப் பரிந்துரைப்பேன்.