பட்டிமன்றமா, மாதிரி கிராம சபையா?

கன்னியாகுமரி மாவட்ட மேல்நிலை வகுப்புகளில் அரசியல் அறிவியல் கற்பிக்கப் பட்டிமன்றம் எளிய வழிதான். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்ததைப் பற்றி இரு அணிகளும் சூடாகப் பேசும். ஆனால் பேச்சுத் திறமை உள்ள சிலரைத் தவிர, மற்றவர்கள் கைதட்டுவதோடு நின்றுவிடுவார்கள்.

மாதிரி கிராம சபையில் அப்படி ஒதுங்க முடியாது. கடலோர ஊர் மாணவி ஒருத்தி கடல் அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவு கேட்டு எழுந்தால், தலைவராக அமர்ந்த மாணவர் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தைப் புரட்டிப் பார்த்து, அதை மாநில அரசுதான் கட்ட வேண்டும், சபையால் தீர்மானம் நிறைவேற்றி அனுப்ப மட்டுமே முடியும் என்று விளக்க வேண்டிவரும். அதிகாரப் பகிர்வு என்ற பாடம் அங்கேதான் மனத்தில் பதிகிறது. பாடவேளை கூடுதலாகத் தேவைப்படும் என்றாலும் நான் இதையே தேர்ந்தெடுப்பேன். முடிந்தால், அக்டோபர் 2 அன்று கூடும் உண்மையான சபையைப் பார்க்கவும் மாணவர்களை அழைத்துச் செல்லலாம்.