முயலுக்கு ஆபரேஷனுக்குப் பின் மெலாக்சிகாம் சிரப்: மருந்து நல்லது, கூட வரும் சிரிஞ்சு வேண்டாம்

கருத்தடையோ பல் ஆபரேஷனோ முடிந்து முயலைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது டாக்டர் எழுதித் தருவது பெரும்பாலும் நாய்களுக்கான மெலாக்சிகாம் சிரப்தான், மில்லிக்கு 1.5 மில்லிகிராம் உள்ளது. மருந்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வலி, வீக்கம் இரண்டுக்கும் கேட்கும். இனிப்பாக இருப்பதால் பல முயல்கள் தாமாகவே நக்கிக் குடிக்கும்.

பாட்டிலோடு வரும் சிரிஞ்சில்தான் வம்பு. அதிலுள்ள கிலோ கோடுகள் நாய்க்குப் போட்டவை, கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் கணக்கு. முயலுக்குக் கூடுதலாகத் தேவை, கிலோவுக்கு 0.6 முதல் 1 மில்லிகிராம் வரை டாக்டர்கள் தருகிறார்கள். 2 கிலோ முயலுக்கு 0.6 வீதம் 1.2 மில்லிகிராம், அதாவது 0.8 மில்லி. '2 கிலோ' கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 0.2 மில்லிகிராம், ஆறில் ஒரு பங்கு! அளவை மில்லியில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஊசி கழற்றிய 1 மில்லி சிரிஞ்சு போதும். இன்சுலின் சிரிஞ்சு வேண்டாம்: 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு வகை இருப்பதால் கணக்கு தப்பும். பாட்டிலை நன்றாகக் குலுக்கி, முன்பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் பக்கவாட்டில் மெதுவாக விடுங்கள்.

அளவு குறைந்தால் முயல் கத்தாது. மூலையில் குறுகி உட்காரும், கண் பாதி மூடியிருக்கும், கன்னம் ஒட்டியிருக்கும், பல்லை நறநறவென்று கடிக்கும். வலி இருந்தால் தின்னாது, தின்னாவிட்டால் குடல் ஓட்டம் நின்றுவிடும். ஆபரேஷன் நன்றாக முடிந்த பிறகும் முயல் சாவது இப்படித்தான். அன்று இரவே அறுகம்புல்லும் கொத்தமல்லித் தழையும் வையுங்கள், புழுக்கையை எண்ணுங்கள். 12 மணி நேரமாக எதையும் தொடவில்லை என்றால் டாக்டருக்கு உடனே போன் போடுங்கள்.

இந்த சிரப் ஆபரேஷன் மேஜையில் செய்ய வேண்டிய வேலைக்கு ஈடாகாது. கத்தி வைக்கும் முன்பே வலி மருந்தான பியூப்ரனார்ஃபின் அல்லது பியூட்டார்ஃபனால், வெட்டும் இடத்தில் மரத்துப்போக லிக்னோகெய்ன் என்று கேட்டு வையுங்கள். முயல் வாந்தி எடுக்காது. ஆகவே முந்தைய இரவே பட்டினி போடச் சொல்லும் இடத்தில் முயல் அனுபவம் குறைவு என்றே நினைக்கிறோம். ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு வரும் மாஸ்க்கை நேராக முகத்தில் வைத்தால் மூச்சை அடக்கிக்கொள்ளும், முதலில் மயக்க ஊசி போட வேண்டும். மயக்கத்தில் இதயத் துடிப்பு குறைந்தால் போடும் அட்ரோபினைச் சிதைக்கும் நொதி பல முயல்களின் ரத்தத்தில் இருப்பதால், அதற்குப் பதில் கிளைக்கோபைரோலேட்தான் நம்பகமானது. பிரிட்டனில் 2008இல் வந்த பெரிய ஆய்வில் மயக்கத்தோடு தொடர்புள்ள மரணம் நாயில் 0.17 சதவீதம், முயலில் 1.39. கேள்வி கேட்கத் தயங்காதீர்கள்.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு ஆபரேஷனுக்கு வருபவர்கள், திரும்பும்போது முயல் நன்றாக விழித்து, சூடு ஏறி, ஏதாவது தின்ற பிறகே 20 கொண்டை ஊசி வளைவு ஏறுங்கள். குளிர் காற்று படாமல் துணியில் சுற்றிய வெந்நீர் பாட்டிலைக் கூண்டில் ஒரு ஓரமாக வையுங்கள்.

நீர்ச்சத்து குறைந்த முயலுக்கு மெலாக்சிகாம் சிறுநீரகத்தைப் பாதிக்கும், ஸ்டீராய்டோடு சேரவே கூடாது. பாராசிட்டமால் கலந்த பாட்டில்களும் கடையில் உண்டு; லேபிளில் மெலாக்சிகாம் மட்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மனிதர்களுக்கான 7.5 மில்லிகிராம் மாத்திரையை உடைத்துக் கொடுத்தால் அளவு சரியாக வராது.