முதல் தூண்டில் எதற்கு: ஹெர்ரிங்கா, மேக்கரலா?

வடக்கு அட்லாண்டிக் கரையில் தூண்டில் போடப் புதிதாக வருபவர்கள் இந்த இரண்டு மீன்களையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். காரணம் இருக்கிறது. இரண்டும் கூட்டமாக வரும். இரண்டையும் படகு இல்லாமல் கடற்பாலத்தில் நின்றே பிடிக்கலாம். இரண்டுக்கும் ஒரே நூலில் பல தூண்டில் முள் கட்டிய சரம் போடலாம். அதனால் ஒரே சரத்தை வாங்கிப்போய், இரண்டையும் ஒரே மாதிரி இழுத்து, ஹெர்ரிங் மட்டும் கைக்கு வராமல் திரும்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மீன் முள்ளில் மாட்டியிருக்கும், மேலே தூக்கும்போது காணாமல் போயிருக்கும்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வாயில் இருக்கிறது. மேக்கரல், கானாங்கெளுத்தியின் குடும்பம். வாய் உறுதியானது, முள் ஏறினால் பிடித்துக்கொள்ளும். ஹெர்ரிங் மத்தியின் குடும்பம். வாயோரத்துத் தோல் காகிதம் போல மெல்லியது, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். முள்ளின் அளவு, ஈயத்தின் கனம், கை அசைவு, மீனைத் தூக்கும் விதம் எல்லாமே இந்த ஒரு விஷயத்தில் இருந்துதான் வருகின்றன.

சாப்பிடும் முறையும் வேறு. மேக்கரலுக்குக் காற்றுப்பை கிடையாது. நீந்துவதை நிறுத்தினால் மூழ்கிவிடும், ஆகவே ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணால் பார்த்து, துரத்தி, சின்ன மீன்களைக் கவ்வும். பளபளப்பாக எது வேகமாகப் போனாலும் பின்னாலேயே வரும். தண்ணீர் கலங்கியிருந்தால் அதற்கு வேலை ஓடாது. புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் மேக்கரலுக்குப் போவது பெரும்பாலும் வீண். ஹெர்ரிங் முக்கியமாக மிதவை உயிரிகளைத் தின்று வாழ்வது, அரிசி மணி அளவுப் பொடிகளைக்கூடப் பொறுக்கித் தின்னும். பெரிய முள்ளில் பெரிய இறகைக் கட்டி அதன் முன்னால் ஆட்டினால் அதற்கு ஆர்வம் வராது.

சரி, எதில் தொடங்குவது? பாதி முடிவைக் காலண்டரே எடுத்துவிடும். பிரிட்டன் கரைகளில் மேக்கரல் பொதுவாக மே கடைசியிலோ ஜூனிலோ கரையை நெருங்கும், அக்டோபர் வாக்கில் விலகும். ஹெர்ரிங்குக்கு அப்படி ஒரே பருவம் இல்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முட்டையிடும் காலம் தனி. சில கூட்டங்கள் இலையுதிர் காலத்தில் முட்டையிடும், சில வசந்தத்தில். பால்டிக் கடலின் மேற்குப் பகுதியில் மார்ச் முதல் மே வரை கரைக்கே வந்துவிடும். ஜெர்மனியில் ஸ்ட்ரால்சுண்ட் நகரையும் ரூகன் தீவையும் இணைக்கும் பாலத்தில் அந்த மாதங்களில் தோளோடு தோள் ஒட்டி ஆட்கள் நிற்பார்கள். உங்கள் ஊர்க் கடலில் எது எப்போது வருகிறது என்று கடற்பாலத்தில் வழக்கமாக நிற்பவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதற்கு முன்பாகப் பொருள் எதுவும் வாங்காதீர்கள்.

நேரத்தையும் கொஞ்சம் பார்க்கணும். ஹெர்ரிங் பகலில் ஆழத்தில் கிடந்து, பொழுது சாயும்போது மேலே வரும். மேக்கரல் வெளிச்சத்தில் வேட்டையாடுவது. அதிகாலையும் மாலையும் நல்லது, மீன் கூட்டம் வந்துவிட்டால் நண்பகலிலும் கிடைக்கும்.

மேக்கரலுக்கு மூன்று வழி

முதல் வழி, எல்லோரும் எடுப்பது: ஆறு முள் கட்டிய இறகுச் சரம், கீழே 100 முதல் 150 கிராம் ஈயம். மீன் கூட்டம் வந்தால் ஒரே இழுப்பில் நான்கைந்து வரும். ஆனால் புதியவருக்கு நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன். மாட்டிய மேக்கரல் கீழே இழுப்பதற்குப் பதிலாக மேலே ஓடி வட்டமடிக்கும். ஈயம் இலேசாக இருந்தால் சரம் முழுக்கச் சிக்குப் பிடித்துவிடும். சிக்கைப் பிரிக்கும் பத்து நிமிடத்தில் மீன் கூட்டம் கடந்து போய்விடும். வீசும்போது ஆறு முட்கள் தலைக்கு மேல் பறப்பது அதைவிடப் பெரிய கவலை. நெரிசலான கடற்பாலத்தில் பக்கத்தில் ஒரு குழந்தை நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கனமான ஈயம் என்றால் நரம்பின், அதாவது தூண்டில் நூலின், முன்பகுதியில் தடித்த நரம்பும் வேண்டும். வீசும் வேகத்தில் மெல்லிய நரம்பு அறுந்தால் ஈயம் குண்டு மாதிரிப் பறக்கும். 28 கிராம் ஈயத்துக்கு 10 பவுண்டு தாங்கும் நரம்பு என்ற கணக்கு நெடுங்காலமாகப் புழங்குகிறது. அதன்படி 112 கிராம் ஈயத்துக்கு 40 பவுண்டு. அதற்கேற்ற தடிமனான ராட், அதாவது தூண்டில் கம்பு, வேண்டும். முதல் வாரத்திலேயே இவ்வளவும் ஏன்?

ஆறு முள் சரம் ஏற்கனவே கையில் இருந்தால் நடுவில் வெட்டி, மூன்று மூன்றாக இரண்டு சரம் ஆக்குங்கள். சிக்கு பாதிக்கு மேல் குறையும். தேவையான மீன் அப்போதும் கிடைக்கும்.

இரண்டாவது வழி, 20 முதல் 40 கிராம் எடையுள்ள ஒற்றை உலோக ஸ்பூன், அதாவது சின்ன மீன் போல மினுங்கும் முள் கட்டிய தகடு. என் தேர்வு இதுதான். இலேசான ராடில் ஒரு மேக்கரல் மாட்டினால் அதன் ஓட்டம் முழங்கை வரை தெரியும். வீசி, எண்ணிக்கொண்டே மூழ்கவிட்டு, எந்த எண்ணிக்கையில் மீன் கடிக்கிறது என்று கவனியுங்கள். அடுத்த வீச்சில் அதே எண்ணிக்கை. மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதை அறிய இதைவிட எளிய வழி இல்லை. முள்ளும் ஒன்றுதான், அகற்றுவது சுலபம், சிறிய மீனை உயிரோடு திருப்பி விடலாம்.

மூன்றாவது, தக்கை. மீன் தோலில் வெட்டிய மெல்லிய பட்டையை முள்ளில் குத்தி, இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில் தொங்கவிடுவது. பொறுமைக்காரர்களுக்கும் சிறுவர்களுக்கும் ஏற்றது. தக்கை அமுங்குவதைப் பார்க்கும் சந்தோஷம் வேறு எதிலும் வராது. தொலைவில் போகும் கூட்டத்தை மட்டும் இதனால் எட்ட முடியாது.

ஹெர்ரிங்குக்கு ஒரே வழி, ஆனால் கை வேண்டும்

ஹெர்ரிங்குக்குச் சபிகி என்கிற சிறு முள் சரம். முள் 8 அல்லது 10 எண், அதில் மீன் தோலோ மினுக்கும் இழையோ ஒட்டியிருக்கும். ஈயம் 20 முதல் 40 கிராம் போதும். மேக்கரலுக்குப் போடுவது போல ஓங்கி இழுக்கக் கூடாது. மெதுவாக ஒரு முழம் உயர்த்தி, நரம்பு தளராமல் கீழே விடுங்கள். பாதிக் கடிகள் சரம் இறங்கும்போதே விழும். நரம்பு திடீரென்று தளர்ந்தால் அதுவும் கடிதான். மீன் ஈயத்தைத் தாங்கி மேலே தூக்கியிருக்கும்.

ஒரு மீன் மாட்டியது தெரிந்ததும் உடனே நரம்பைச் சுற்றாதீர்கள். அது துடிக்கும் துடிப்பில் மற்ற முட்கள் தாமாகவே ஆடும், கூட இருக்கும் மீன்கள் அடுத்தடுத்து ஏறும். அப்புறம் ஒரே சீரான வேகத்தில் சுற்றி, நிறுத்தாமல் தூக்குங்கள். சுவரின் விளிம்பில் ஒரு கணம் தயங்கினாலும் மெல்லிய வாய் கிழிந்து மீன் விழுந்துவிடும். நான் முதல் வசந்தத்தில் பிடித்ததைவிட அந்த விளிம்பில் இழந்ததுதான் அதிகம். ராடை மேலே உதறுவதை விட்டுவிட்டு, இடுப்பைத் திருப்பி மீனை உள்ளே கொண்டுவரப் பழகிய பிறகுதான் வாளி நிறையத் தொடங்கியது.

இந்த மென்மையைத்தான் ஹெர்ரிங் கற்றுத் தரும். மேக்கரல் உங்கள் தவறுகளை மன்னித்துவிடும், அதனால் தவறு தவறென்றே தெரியாது. கோடையில் தொடங்குகிறவர் மேக்கரலில் தொடங்கட்டும், முதல் நாளே மீன் பார்ப்பது மனசுக்கு நல்லது. வசந்தத்தில் தொடங்குகிறவர் கோடைக்காகக் காத்திருக்க வேண்டாம். இரண்டுக்கும் சேர்த்து, 60 கிராம் வரை வீசக்கூடிய 2.7 மீட்டர் ராட் ஒன்றும், நரம்பைச் சுற்றும் நடுத்தர அளவு ரீல் ஒன்றும் போதும். மாற்றவேண்டியது நரம்பின் நுனியில் கட்டுவதை மட்டுமே.

இடத்தைப் பொறுத்தவரை ஆழம் காலடியிலேயே இருக்கும் கடற்பாலமோ துறைமுகச் சுவரோ இரண்டுக்குமே பொருந்தும். மணல் கரை புதியவருக்கு வேண்டாம், ஆழம் தொலைவில் இருக்கும். பாறைக்குத் தனியாகப் போகவே வேண்டாம், போனால் மிதவைச் சட்டை இல்லாமல் போகாதீர்கள். படகில் மீன் அதிகம் கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் மீனைத் தேடும் வேலையைப் படகோட்டி செய்துவிடுவார்.

எவ்வளவு எடுப்பது என்பதிலும் இரண்டு மீனும் சமம்தான். ஹெர்ரிங் தீர்ந்துபோகும் நிலைக்கு வந்து, 1977ல் வட கடலில் அதன் மீன்பிடிப்பே மூடப்பட்டது. சில ஆண்டுகள் கழித்துத்தான் திறந்தார்கள். 2019ல் வடகிழக்கு அட்லாண்டிக் மேக்கரலுக்கான எம்எஸ்சி சான்று, அதாவது வளம் குன்றாமல் பிடித்த மீன் என்ற சான்று, இடைநிறுத்தப்பட்டது. கூட்டம் பெரிதாகத் தெரிகிறதே என்று வாளி வாளியாக எடுப்பது எனக்குப் பிடிக்காது. பிரிட்டனில் மேக்கரலுக்குக் குறைந்தபட்ச நீளம் 20 செ.மீ., வட கடலில் 30 செ.மீ. அளவு எட்டாத மீனை உலர்ந்த கையால் தொடாதீர்கள், மேல்வழுவழுப்பு போனால் பிழைக்காது. முள்ளின் தண்டைப் பிடித்துத் தண்ணீருக்கு மேலே தலைகீழாகத் திருப்பினால் மீன் தானே நழுவி விழும். முள்ளின் எதிர்க்கூரை (நுனியருகே பின்னோக்கி நிற்கும் சிறு கூர்) முன்பே இடுக்கியால் அமுக்கி வைத்திருந்தால் இன்னும் சுலபம்.

எடுத்துச் செல்லும் மீனில்தான் மேக்கரல் அதிகக் கவனம் கேட்கும். வெயிலில் வாளியில் கிடந்தால் அதன் சதையில் பாக்டீரியா ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருளை உண்டாக்கும். சாப்பிட்டவருக்கு முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பு தடிக்கும். ஒருமுறை உண்டாகிவிட்டால் எவ்வளவு வேக வைத்தாலும் அது போகாது. பிடித்த உடனே கொன்று, செவுளை அறுத்து இரத்தம் வடித்து, ஐஸில் புதைத்துவிடுங்கள். ஹெர்ரிங்குக்கும் ஐஸ் வேண்டும், அதன் செதில் உங்கள் சட்டை, ராட், ரீல் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு வரும், ரீலை அன்றைக்கே கழுவிவிடுங்கள். இரண்டு மீனின் குடலிலும் அனிசாகிஸ் என்ற ஒட்டுண்ணிப் புழு இருக்கக்கூடும். தாமதிக்காமல் குடலை எடுங்கள். வேக வைக்காமல் சாப்பிடுவதாக இருந்தால், மீனின் நடுப்பகுதி வரை மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறைந்திருக்க வேண்டும்.