நாலு குதிரை, எட்டுத் தடை: செல்ட்னத்தில் என் கணக்கு எங்கே இடறியது

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. இங்கிலாந்தின் செல்ட்னம் மைதானத்தில் சாம்பியன் ஹர்டில் ஓட்டத்துக்கு ஏழே ஏழு குதிரைகள்தான் வந்து நின்றன. அதில் மூன்றைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு, நானும் அந்த மூன்றைத்தான் பேசினேன். கடைசியில் மூன்றில் இரண்டு தரையில் உருண்டன, மூன்றாவது நாலாவதாக வந்து சேர்ந்தது, ஜெயித்தது 25க்கு 1 விலையில் (ஒரு பவுண்டு கட்டினால் 25 பவுண்டு லாபம்) கிடந்த கோல்டன் ஏஸ் என்ற பெண் குதிரை. அதிர்ஷ்டம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம், நிறையப் பேர் அப்படித்தான் முடித்தார்கள். ஆனால் முந்தின நாள் நோட்டில் நான் எழுதி வைத்த ஒப்பீட்டை இப்போது எடுத்துப் பார்த்தால், பிசகு குதிரைகளிடம் கொஞ்சம், என்னிடம் நிறைய.

கிண்டியில் ரேஸ் பார்த்துப் பழகியவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நமக்குத் தெரிந்தது சமதள ஓட்டம், கேட் திறந்ததும் பறந்துபோய் ஒன்றரை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இது வேறு. சாம்பியன் ஹர்டில் இரண்டு மைலுக்குச் சற்று மேல், வழியில் எட்டுத் தடைகள். மரச்சட்டத்தில் மிலாறு கட்டி, மூன்றரை அடிக்கு மண்ணில் சாய்வாக அறைந்து நிறுத்தியிருப்பார்கள். குதிரை மோதினால் தட்டி பின்னால் வளைந்து கொடுக்கும், அதனாலேயே வேகமான குதிரைகள் இதை ஒரு தடையாகவே மதிக்காமல் ஓடுகிற வேகத்திலேயே உரசிக்கொண்டு தாண்டும். அந்த உரசலில்தான் நேரம் மிச்சமாகிறது, விழுவதும் அதே உரசலில்தான். கடைசியில் ஒரு மேடு வேறு. செல்ட்னத்தில் கடைசித் தடையைத் தாண்டியபின் ஏற்றத்தில் ஓடி முடிக்க வேண்டும்.

முதல் பெயர் கான்ஸ்டிட்யூஷன் ஹில். எட்டு வயது, பயிற்சியாளர் நிக்கி ஹென்டர்சன், மேலே உட்காருவது நிக்கோ டி பாய்ன்வில். அன்று வரை தடை ஓட்டத்தில் 10க்கு 10. 2022ல் இதே செல்ட்னத்தில் சுப்ரீம் நாவிசஸ் ஓட்டத்தை 22 லென்த் வித்தியாசத்தில் ஜெயித்தபோது, ரேஸ் பார்த்தே வயதான ஆட்கள்கூட திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். லென்த் என்றால் ஒரு குதிரையின் நீளம், சுமார் எட்டடி. 2023ல் சாம்பியன் ஹர்டில், 9 லென்த். 2024ல் மூச்சுக்குழாய்த் தொல்லையால் வரவில்லை. அப்புறம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கெம்ப்டனில் ஜெயித்து, ஜனவரியில் செல்ட்னத்திலேயே இன்னொன்றையும் ஜெயித்துவிட்டு வந்து நின்றது. விலை 1க்கு 2, அதாவது இரண்டு பவுண்டு கட்டினால் ஒரு பவுண்டு லாபம்.

இரண்டாவது ஸ்டேட் மேன். அயர்லாந்து, வில்லி மல்லின்ஸ் லாயம், ஜாக்கி பால் டவுனெண்ட். 2024ல் கான்ஸ்டிட்யூஷன் ஹில் இல்லாத சாம்பியன் ஹர்டிலை ஜெயித்தது இதுதான், அதனாலேயே அந்தப் பட்டத்துக்கு யாரும் முழு மரியாதை கொடுக்கவில்லை. ஐரிஷ் சாம்பியன் ஹர்டில் என்றால் 2023, 2024, 2025 என்று மூன்று வருஷமும் இதற்குத்தான். வீட்டில் மூத்த பிள்ளை மாதிரி. எல்லா வேலையும் ஒழுங்காகச் செய்யும், யாரும் புகழ மாட்டார்கள்.

மூன்றாவது பிரைட்டர்டேஸ்அஹெட், ஆறு வயதுப் பெண் குதிரை, கார்டன் எலியட் பயிற்சி, ஜாக் கென்னடி சவாரி. 2024 நவம்பரில் பஞ்ச்ஸ்டவுனில் ஸ்டேட் மேனைத் தோற்கடித்தாள். டிசம்பர் கடைசியில் லெபர்ட்ஸ்டவுனில் 30 லென்த்தில் ஜெயித்தாள். முப்பது! இரண்டாவதாக வந்தது வின்டர் ஃபாக், ஸ்டேட் மேன் அதற்கும் பின்னால் மூன்றாவது.

நாலாவதாக ஒரு பெயரை எழுதி அடித்திருந்தேன்: லாஸிமவுத். இவளும் மல்லின்ஸ் லாயம்தான். கெம்ப்டனில் கான்ஸ்டிட்யூஷன் ஹில்லிடம் இரண்டரை லென்த்தில் தோற்றவள். பிப்ரவரியில் ஐரிஷ் சாம்பியன் ஹர்டிலில் விழுந்துவிட்டதால், மல்லின்ஸ் அவளைச் சாம்பியன் ஹர்டிலில் விடாமல் அதே நாளில் நடந்த பெண் குதிரைகளுக்கான ஓட்டத்துக்குத் திருப்பிவிட்டார். கோல்டன் ஏஸ் என்ற பெயர் என் நோட்டில் எங்கே என்று தேடினால், பக்கத்தின் அடியில், 'மற்றவை' என்ற இடத்தில் இருக்கிறது.

சரி, இப்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

எடைதான் முதல் விஷயம், இதை விட்டுவிட்டு எந்த ஒப்பீடும் நிற்காது. இந்த ஓட்டத்தில் ஆண் குதிரைகள் (பெரும்பாலும் காயடித்தவை) ஜாக்கியும் சேணமும் சேர்த்து 11 ஸ்டோன் 10 பவுண்டு, சுமார் 74 கிலோ சுமக்கும். பெண் குதிரைக்கு 7 பவுண்டு குறைவு, மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இரண்டு மைல் தடை ஓட்டத்தில் ஒரு பவுண்டுக்கு ஒரு லென்த் என்பது கையிருப்பில் வைத்துக்கொள்கிற தோராயக் கணக்கு. அப்படியானால் கெம்ப்டனில் சலுகையோடு ஓடி இரண்டரை லென்த்தில் தோற்ற லாஸிமவுத், சம எடையில் ஓடியிருந்தால் ஒன்பது, ஒன்பதரை லென்த் பின்னால் இருந்திருப்பாள். 2023ல் ஸ்டேட் மேன் சம எடையில் ஓடித் தோற்றது எவ்வளவு? 9 லென்த். இரண்டு தனித்தனி அளவுகோல், ஒரே பதில். இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன், கான்ஸ்டிட்யூஷன் ஹில்லுக்கு முன்னால் பெரிய டிக் போட்டேன்.

இந்த 7 பவுண்டு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குப் பட்டியலே சாட்சி. 2016ல் ஆனி பவர், 2020ல் எபடான்ட், 2021லும் 2022லும் ஹனிசக்கிள்: 2016 முதல் 2024 வரை ஒன்பது சாம்பியன் ஹர்டிலில் நாலு பட்டம் பெண் குதிரைகளுக்குப் போயிருக்கிறது. ஆக பிரைட்டர்டேஸ்அஹெட்டை ஒதுக்க முடியாது. ஆனால் அந்த 30 லென்த்? அந்த எண்ணைப் பார்த்துத்தான் பாதிப் பேர் மயங்கினார்கள். அன்று ஸ்டேட் மேன் ஸ்டேட் மேனாகவே ஓடவில்லை. ஒரு மாதம் கழித்து அதே லெபர்ட்ஸ்டவுனில் ஐரிஷ் சாம்பியனை ஜெயித்த குதிரை, டிசம்பரில் முப்பது லென்த்துக்கும் பின்னால் வந்தது என்றால் அன்று அதற்கு ஏதோ சரியில்லை என்றுதான் அர்த்தம். பெரிய எண்களிடம் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. ஜெயித்தவள் எவ்வளவு நல்லவள் என்பதைவிட, தோற்றவர்கள் அன்று எவ்வளவு மோசம் என்பதையே அது அதிகம் சொல்லும். இதை நோட்டில் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். பின்னால் செல்ட்னத்தில் என்ன நடந்தது தெரியுமா, 30 லென்த் பின்னால் வந்த அதே வின்டர் ஃபாக் மூன்றாவதாக வந்து, நாலாவதாக வந்த அவளுக்கு முன்னால் போய்விட்டது.

வேகம் யார் கையில் என்பது அடுத்தது. எலியட் தன் லாயத்திலிருந்து கிங் ஆஃப் கிங்ஸ்ஃபீல்டு என்ற குதிரையையும் இறக்கியிருந்தார். அதன் வேலை முன்னால் இழுத்துக்கொண்டு ஓடுவது, பிரைட்டர்டேஸ்அஹெட்டுக்கு வேகமான ஓட்டம் வேண்டும் என்பதற்காக. திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் வேகம் கூடும்போது தாண்டுகிற எல்லாக் குதிரைக்கும் தப்புச் செய்ய இடம் குறைகிறது. இந்த இடத்தில் நான் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை.

தாண்டும் நேர்த்தி என்ற தலைப்பில் என் நோட்டில் இருப்பது மொத்தம் ஒன்றரை வரி. 'கா.ஹி. பிரமாதம், மற்றவை பரவாயில்லை.' அவ்வளவுதான். ஜனவரியில் செல்ட்னத்தில் ஜெயித்த அதே ஓட்டத்தில் கான்ஸ்டிட்யூஷன் ஹில் கடைசித் தடையில் தப்புச் செய்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, ஜெயித்துவிட்டதே என்று விட்டுவிட்டேன். லாஸிமவுத் விழுந்ததை மட்டும் பெரிய குறையாக எழுதி அவள் பெயரை அடித்தவன் நான், இதன் இடறலுக்கு ஒரு கேள்விக்குறிகூடப் போடவில்லை. பிடித்த குதிரை என்றால் அப்படித்தான். 2019ல் இதே ஓட்டத்தில், அதற்கு முன் இரண்டு முறை ஜெயித்திருந்த புவேர் தேர் ஆரம்பத்திலேயே விழுந்து, எஸ்புவார் தாலென் 15 லென்த்தில் ஜெயித்ததும் எனக்குத் தெரியும். தெரிந்ததை எல்லாம் கணக்கில் சேர்த்தேனா என்பது வேறு.

கோல்டன் ஏஸ் பற்றி இப்போதாவது நியாயமாக எழுதிவிடுகிறேன். ஏழு வயது. சோமர்செட் பக்கத்தில் ஜெரமி ஸ்காட் என்ற சிறிய பயிற்சியாளரின் லாயம், ஜாக்கி லார்கன் வில்லியம்ஸ். பிப்ரவரியில் வின்கன்டனில் கிங்வெல் ஹர்டிலை ஜெயித்துவிட்டு வந்தவள். பெண் குதிரைகளுக்கான ஓட்டத்தில் விடலாம் என்பதுதான் ஸ்காட்டின் யோசனை, உரிமையாளர்தான் சாம்பியன் ஹர்டிலில் ஓடட்டும் என்று பிடிவாதமாக நின்றார். எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று: 2024 செல்ட்னத்தில் அனுபவம் குறைந்த பெண் குதிரைகளுக்கான ஓட்டத்தில் இவள் ஜெயித்தபோது தோற்ற ஃபேவரிட் யார்? பிரைட்டர்டேஸ்அஹெட். அதே மைதானம், அதே ஏற்றம், ஒரு வருஷம் முன்னால். ஒருத்திக்கு மூன்று பேரில் ஒருத்தி என்ற இடம், இன்னொருத்திக்கு 25க்கு 1. இவர்கள் இருவரையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்காமல் என்ன ஒப்பீடு செய்தேனோ.

அன்று மதியமே எச்சரிக்கை மணி அடித்தது. ஆர்க்கிள் ஓட்டத்தில் எல்லோரும் நம்பிய மஜ்பரோ, கடைசிக்கு முந்தின தடையில் மோசமாக மோதி மூன்றாவதாகப் போனது. ஜெயித்தது ஜாங்கோ பாய், ஹென்டர்சன் லாயம், சவாரி நிக்கோ டி பாய்ன்வில். அதைப் பார்த்து நான் எடுத்துக்கொண்ட பாடம் என்ன? 'ஹென்டர்சனுக்கு இன்று நல்ல நாள்.' முதல் ஓட்டத்தையும், லாஸிமவுத் மேல் பெண் குதிரைகள் ஓட்டத்தையும் டவுனெண்ட் ஜெயித்துக் கொடுத்தார். இரண்டு ஜாக்கிகளும் நல்ல மனநிலையில், நானும்தான்.

நம்மூரில் இரவு ஒன்பதரைக்கு ஓட்டம் தொடங்கியது. ஐந்தாவது தடை. கான்ஸ்டிட்யூஷன் ஹில் அதைத் தாண்டி இறங்கும்போது முன்கால் ஊன்றவில்லை, மார்பு புல்லில் பட்டு வழுக்கிக்கொண்டே போனது, நிக்கோ ஒரு பக்கம் உருண்டார். கையில் இருந்த காபியை எங்கே வைத்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அது எழுந்து சேணத்தோடு, ஆளில்லாமல் மற்றவற்றோடு ஓடத் தொடங்கியதைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது. அதற்கப்புறம் ஓட்டம் ஸ்டேட் மேனுக்கு என்று எழுதி வைத்த மாதிரி ஆனது. பிரைட்டர்டேஸ்அஹெட்டிடம் பதில் இல்லை. டவுனெண்ட் தெளிவான முன்னிலையோடு கடைசித் தடைக்கு வந்தார், பின்னால் யாரும் நெருக்கவில்லை, மெதுவாகத் தாண்டினாலும் போதும். தாண்டியது, இறங்கியது, விழுந்தது. மைதானத்தில் எழுந்த சத்தத்தைக் கூச்சல் என்பதா முனகல் என்பதா தெரியவில்லை. கோல்டன் ஏஸ் அந்தத் தடையை ஒழுங்காகத் தாண்டி, ஏற்றத்தில் ஓடி, பர்டெட் ரோடை 9 லென்த் பின்னால் விட்டுவிட்டு வந்தாள். விழுந்த இரண்டுக்கும் பெரிய காயம் இல்லை.

சென்னை ரேஸ் கிளப் சம்பந்தப்பட்ட வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் முக்கியமாகத் திறமையைச் சார்ந்தது என்று சொன்னது. அந்த நீதிபதிகள் கையில் அன்று ராத்திரி என் நோட்டு கிடைக்காமல் போனது நல்லது.

இப்போது கேட்டால் என் வரிசை இது. அன்றைக்கு ஓடிய விதத்தில் சிறந்த குதிரை ஸ்டேட் மேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த மாதங்களில் பஞ்ச்ஸ்டவுனில் அது ஜெயித்தது, கோல்டன் ஏஸ் இரண்டாவது, கான்ஸ்டிட்யூஷன் ஹில் ஐந்தாவது. ஓடாமலேயே அன்று அதிகம் இழந்தது லாஸிமவுத். மல்லின்ஸ் அவளைச் சாம்பியன் ஹர்டிலில் விட்டிருந்தால் கடைசித் தடைக்குப் பின்னால் காலியாகக் கிடந்த இடத்துக்கு அவள்தான் முதலில் வந்திருப்பாள் என்று நினைக்கிறேன். திறமையின் உச்சம் யாரிடம் என்றால் இன்றும் கான்ஸ்டிட்யூஷன் ஹில்தான், ஆனால் உச்சத்தை மட்டும் வைத்து அளந்தது என் தப்பு. அடுத்த மாதமே ஏன்ட்ரீயில் மறுபடி விழுந்தது, அந்த ஓட்டத்தை ஜெயித்தது யார் என்று பார்த்தால் லாஸிமவுத்.

2025 நவம்பர் கடைசியில் நியூகாசிலில் ஃபைட்டிங் ஃபிஃப்த் என்ற தடை ஓட்டம். இந்த முறை புது நோட்டு, தாண்டும் நேர்த்திக்கு முழுப் பக்கம். கான்ஸ்டிட்யூஷன் ஹில் இரண்டாவது தடையில் விழுந்தது, தி நியூ லயன் என்ற இன்னொரு பெரிய பெயரும் விழுந்தது. நின்று ஓடி ஜெயித்தவள் கோல்டன் ஏஸ். முழுப் பக்கம் எழுதியும் அவளை நான் மூன்றாவதாகத்தான் போட்டிருந்தேன்.