தாலின் பழைய நகர் நடைப் பயணம்: கைடுக்கு நாலு ஸ்டார், கம்பெனிக்கு ரெண்டரை

'இலவசம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை நம்பி வெறுங்கையோடு போய் நிற்காதீர்கள். ஐரோப்பாவில் இந்த மாதிரி நடைகள் எல்லாமே டிப்ஸை நம்பி ஓடுகிறவைதான். நானும் அப்பாவும் ஆளுக்கு 15 யூரோ கொடுத்தோம். கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் கூட்டத்தின் மேல்தான்.

ஹெல்சிங்கியிலிருந்து கப்பலில் இரண்டு மணி நேரம், எஸ்டோனியாவின் தலைநகர் தாலின் வந்துவிடுகிறது. கோடைக்கால சனிக்கிழமை என்பதால் எங்களைப் போலவே பாதி ஹெல்சிங்கி இறங்கியிருந்தது, போதாக்குறைக்கு சொகுசுக் கப்பல்காரர்கள் வேறு. ஒரே கைடு, பின்னால் நாற்பது பேருக்குக் குறையாமல். மைக் கிடையாது. தெருவோ குறுகல், தரையோ மேடும் பள்ளமுமாகப் பதித்த கல். பார்த்துக் கால் வைத்து நடக்கிறவர் கடைசி வரிசைக்குப் போய்விடுவார், கடைசி வரிசையில் இருப்பவருக்குக் கதை பாதிதான் கேட்கும். அப்பாவுக்கு அதுதான் நடந்தது. முன்பதிவு வாங்கும்போதே ஆள் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வைத்தால் என்ன குறைந்துவிடும்?

கைடு நல்ல பெண். முப்பது வயதுக்குள் இருக்கும், நகைச்சுவை சரளம். முதல் அரைமணி நேரம் வழக்கமான சரக்கு: 1404இல் கட்டி முடித்த நகர மண்டபம், அதன் உச்சியில் 1530 முதல் நிற்கும் 'வயசான தாமஸ்' என்கிற காற்றுத்திசைகாட்டி, சதுக்கத்தின் ஓரத்தில் 1422லேயே இயங்கிக்கொண்டிருந்த மருந்துக்கடை. அந்தக் கடையில் இன்றும் மாத்திரை வாங்கலாம் என்பது அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஆனால் அங்கே மூன்று நிமிடம்கூட நிற்கவிடவில்லை. நினைவுப்பொருள் கடை ஒன்றின் வாசலில் மட்டும் பத்து நிமிடம் 'இளைப்பாறல்'. ஏன் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

ஒலெவிஸ்தே தேவாலயத்தின் முன் நிறுத்தி, "ஒரு காலத்தில் உலகிலேயே உயரமான கட்டடம் இதுதான்" என்று சொன்னார். கூட்டம் 'ஆ' என்றது. அப்பா பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்றவர், விடுவாரா? "எவ்வளவு உயரம்மா?" 159 மீட்டர் என்று பதில் வந்தது. அப்பா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அவர் சந்தேகம் சரிதான். இன்றைய கோபுரம் சுமார் 124 மீட்டர். மின்னல் விழுந்து 1625இலும் 1820இலும் எரிந்து, மறுபடி கட்டியது. பழைய கோபுரம் 159 மீட்டர் என்ற கணக்கு மிகைப்படுத்தியது என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. 'அப்படி ஒரு பேச்சு உண்டு' என்று சொல்லியிருந்தால் கதையின் சுவை ஒன்றும் கெட்டிருக்காது. அதே கோபுரத்தை சோவியத் காலத்தில் உளவுத்துறையான கேஜிபி ரேடியோ வேலைக்குப் பயன்படுத்திய விஷயத்தையும், பக்கத்திலேயே பிக் தெரு 59ஆம் எண் கட்டடத்தில் விசாரணை நடந்த அடித்தளத்தின் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருந்ததையும் சொன்னபோது, சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் வாயை மூடிக்கொண்டது.

நடைக்கு உயிர் வந்தது தோம்பெயா குன்றில் ஏறும்போதுதான். மேலே பிரபுக்களும் ஆயரும், கீழே வணிகர்கள். இரண்டும் ஒரே ஊர் இல்லை, 19ஆம் நூற்றாண்டு வரை தனித்தனி நிர்வாகம். ஒருவரையொருவர் நம்பாமல் நடுவில் சுவர் எழுப்பி, இரவானால் வாசற்கதவைச் சாத்தியிருக்கிறார்கள். 'குட்டைக்கால்' என்று பெயருள்ள படிக்கட்டுச் சந்தில் அந்தப் பழைய மரக்கதவு இன்னும் இருக்கிறது. கைடு அதைத் தட்டிக் காட்டினார். அப்பா ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

மேலே கோட்டையின் பிக் ஹெர்மன் கோபுரத்தடியில் 1989 ஆகஸ்ட் 23ஐப் பற்றிப் பேசினார். எஸ்டோனியா, லாத்வியா, லிதுவேனியா மூன்றிலும் சோவியத்திடமிருந்து விடுதலை கேட்டு சுமார் இருபது லட்சம் பேர் கைகோத்து நின்ற சங்கிலி, இங்கே ஆரம்பித்து ரீகா வழியாக வில்னியஸ் வரை அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். எங்கே ஆள் குறைகிறது, யார் எங்கே போக வேண்டும் என்று ரேடியோவில் அறிவிப்பு வந்துகொண்டே இருந்ததாம். கைடின் பாட்டி அதைக் கேட்டுத்தான் கார் எடுத்துக்கொண்டு நகரத்துக்கு வெளியே போய் நின்றாராம். இந்த ஐந்து நிமிடத்துக்கே அந்த 15 யூரோ தகும். இதைப் போல இன்னும் இரண்டு இடத்தில் நின்றிருந்தால், நினைவுப்பொருள் கடையை மன்னித்திருப்பேன்.

கோட்டைக்கு எதிரிலேயே, ரஷ்ய ஜார் ஆட்சி 1900இல் கட்டி முடித்த வெங்காயக் கும்மட்ட தேவாலயம். அதற்கு வெளியிலிருந்தே ஒரு கும்பிடு, உள்ளே நேரமில்லை. நடை முடிவது கோஹ்துஓட்சா மேடையில். கீழ் நகரத்தின் சிவப்பு ஓட்டுக் கூரைகள் எல்லாம் தெரியும், செல்ஃபி எடுக்க மட்டும் வரிசையில் நிற்க வேண்டும்.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை வேண்டாம், சொகுசுக் கப்பல் வராத நாளாகப் பாருங்கள். வயதானவர்களோடு போனால் முன்வரிசையை விடாதீர்கள், ரப்பர் அடி போட்ட ஷூ கட்டாயம். கீக் இன் டெ கொக் கோபுரத்தை இந்த நடையில் தூரத்திலிருந்து கை காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் மாலையில் தனியாகப் போனோம். 38 மீட்டர் உயரம், நாலு மீட்டர் கனமான சுவர், 1577இல் ரஷ்ய ஜார் இவான் தி டெரிபிளின் படை சுட்ட பீரங்கிக் குண்டுகள் வெளிச்சுவரில் இன்னும் பதிந்தபடி இருக்கின்றன. அப்பா சுவரைச் சுற்றிச் சுற்றி வந்து குண்டுகளை எண்ணினார். அதற்குத் தனியாக ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.