ஹேண்டில்பார் ஃபோம் கவர்: கடலூர்–புதுச்சேரி ரோட்டில் நான் கண்டது

வண்டியை விட்டு இறங்கியதும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய், கையை உதறிக்கொண்டே சாவியை எடுக்கிற ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். கிரிப்புக்கு மேல் மாட்டுகிற ஃபோம் கவர், நம்ம ஊர்க் கடைகளில் ஸ்பாஞ்ச் கவர் என்று கேட்டால் எடுத்துத் தருவார்களே அதுதான், உண்மையிலேயே பலன் தருகிறது. ஆனால் கடைக்காரர் சொல்கிற காரணத்தால் அல்ல, கடையில் தொங்குகிற எல்லா ஃபோமும் அல்ல, வலது பக்கம் சரியாக மாட்டவில்லை என்றால் அது ஆபத்தும் கூட.

என் வண்டி சாதாரண 125 சிசி, ஒற்றை சிலிண்டர். தினமும் மஞ்சக்குப்பத்தில் இருந்து கிளம்பி ஆல்பேட்டை, பெண்ணையாற்றுப் பாலம், முள்ளோடை (பெட்ரோல் அங்கேதான், எல்லை தாண்டினால் விலை குறைவு என்பது கடலூரில் வண்டி வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும்), கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாக மரப்பாலம் வரை போகிற பாதை. தூரம் பெரிசில்லை. நடுவில் காலியான இடத்தில் அறுபதில் ஒரே சீராக ஓட்டுகிறோம், அப்போது அதிர்வு கையிலேயே நிற்கிறது. அரியாங்குப்பம் நெருங்கினால் கிளட்சும் பிரேக்கும் மாறி மாறி அமுக்கியே மணிக்கட்டு கழன்றுவிடும். கைக்கு இரண்டு விதமான வேலையும் ஒரே பயணத்தில் கிடைக்கிற ரோடு இது, அதனால் கிரிப்பைச் சோதித்துப் பார்க்க நல்ல ரோடு.

ஃபோம் அதிர்வை உறிஞ்சிவிடும் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். அது பாதிதான் சரி. எஞ்சின் நிமிஷத்துக்கு 4,800 சுற்று சுற்றினால் நொடிக்கு 80 அதிர்வு, அதாவது 80 ஹெர்ட்ஸ். பிரிட்டனின் தொழில் பாதுகாப்பு அமைப்பான எச்.எஸ்.இ, அதிர்வுத் தடுப்புக்கென்றே விற்கிற கையுறைகள்கூட 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக வேலை செய்யாது என்று சொல்கிறது. 150 ஹெர்ட்ஸ் என்றால் நிமிஷத்துக்கு 9,000 சுற்று, நம் கம்யூட்டர் வண்டிகள் தினசரி ஓட்டத்தில் அந்தப் பக்கமே போவதில்லை. கையுறைக்கே இந்தக் கதி என்றால், அஞ்சு மில்லிமீட்டர் ஸ்பாஞ்ச் எஞ்சின் அதிர்வை விழுங்கிவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. மேலே கிர்ரென்று வருகிற பொடி அதிர்வு குறையும், அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் கை மரத்துப்போவது குறைந்தது? பிடிதான் காரணம். கம்பெனி கிரிப் மெல்லிசு, கெட்டி ரப்பர், மேலே வரிவரியாக மேடு வேறு. மெல்லிசான, வழுக்குகிற ஒன்றை நாம் தெரியாமலே இறுக்கிப் பிடிக்கிறோம். இறுக்கிப் பிடித்தால் அதிர்வு கைக்குள் இன்னும் நன்றாக ஏறுகிறது, அதோடு உள்ளங்கையின் அடிப்பக்கம், சுண்டுவிரல் பக்கத்து மேட்டுக்கு அடியில் ஓடுகிற அல்நார் நரம்பும் அழுத்தப்படுகிறது. சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரத்தால் அந்த நரம்பு. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்தால் மணிக்கட்டின் நடுவில் போகிற மீடியன் நரம்பு. ஃபோம் மாட்டியதும் பிடி கொஞ்சம் தடிக்கிறது, மெத்தென்று ஆகிறது, அழுத்தம் ஒரே இடத்தில் குத்தாமல் உள்ளங்கை முழுக்கப் பரவுகிறது, விரல் தானாகத் தளர்கிறது. முள்ளோடையில் இறங்கி கையைப் பார்த்தாலே தெரியும்: முன்பெல்லாம் கிரிப்பின் வரி அச்சடித்த மாதிரி உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருக்கும், இப்போது அந்தத் தடமே இல்லை.

எந்த ஃபோம் என்பதுதான் அடுத்த கேள்வி, இதில்தான் பணம் வீணாகும். முதலில் நான் மாட்டியது பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் மாதிரி துளை துளையாக இருக்கிற ரகம். மாட்டின புதுசில் சொர்க்கம். மழை வந்ததும் கதை மாறியது. இந்த ரகம் தண்ணீரைக் குடிக்கும். நனைந்த பிறகு கிளட்சைப் பிடித்தால் விரலிடுக்கில் தண்ணீர் பிதுங்கி முழங்கை வரை வழிகிறது, ரெயின்கோட் போட்டும் சட்டைக்கை நனைகிறது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்ததே, அந்த மழைக்குப் பிறகு வெயிலே இல்லாமல் ஸ்பாஞ்ச் காயவே இல்லை, ஒரு மாதிரி ஈரத்துணி நாற்றம். கையில் அந்த வாடை சாப்பிடும் வரை இருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி வாழ்கிற ஊரில் இந்த ரகம் சரிப்படாது.

இப்போது ஓடுவது நைட்ரைல் ரப்பர் ஃபோம், என்பிஆர் என்று கேட்டால் தருவார்கள், ஜிம்மில் கம்பிகளுக்கு மேல் போட்டிருப்பார்களே அதே சாதி. இதன் துளைகள் மூடியவை, தண்ணீர் உள்ளே இறங்காது. மேலே நனைந்தால் துடைத்துவிட்டுக் கிளம்பலாம். கடையில் கண்டுபிடிக்க எளிய வழி, ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள்: மணியாக நின்றால் வாங்குங்கள், உடனே உள்ளே போனால் வைத்துவிடுங்கள். சோடி 200 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்தது, விலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

தடிமன் விஷயத்தில் பேராசை வேண்டாம். தடியாக இருந்தால் சொகுசு என்று தோன்றும். சுவர் அஞ்சு மில்லிமீட்டர் என்றால் பிடியின் விட்டம் பத்து மில்லிமீட்டர் கூடுகிறது, லீவரை எட்ட விரலை இன்னும் விரிக்க வேண்டும். என் கை பெரிது, எனக்கு அது ஒத்துப்போனது. வீட்டில் மனைவியின் ஸ்கூட்டருக்கும் அதே மாதிரி சோடியை மாட்டினேன், அவர் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, "என்னங்க, பிரேக் எட்டவே மாட்டேங்குது, மொதல்ல இத கழட்டுங்க" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதுதான் சரி. பிரேக் லீவரில் விரலின் நடுக்கணு உட்கார வேண்டும், நுனி மட்டும் தொட்டால் அவசரத்தில் அழுத்தம் வராது. சின்னக் கைகளுக்கு மூன்று மில்லிமீட்டர் போதும், அல்லது மெல்லிய சிலிக்கான் கவர். இன்னொரு வழியும் உண்டு: பழைய ரப்பர் கிரிப்பையே கழற்றிவிட்டு, 22 மில்லிமீட்டர் ஹேண்டில் குழாய்க்கு நேரடியாக ஃபோம் கிரிப் போடுவது. பிடி தடிக்காது, ஆனால் பல வண்டிகளில் வலது பக்க ரப்பர் ஆக்சிலேட்டர் குழாயோடு ஒட்டியே வரும், அதைப் பிய்ப்பது மெக்கானிக் வேலை.

இனி வலது பக்கம். இதை அவசரமாகப் படித்துவிட்டுத் தாண்ட வேண்டாம். இடது கிரிப் சும்மா நிற்கிற கம்பி, வலது கிரிப் சுற்றுகிற ஆக்சிலேட்டர். ஃபோம் ஒரு விரற்கடை நீளமாக இருந்து உள்பக்கம் சுவிட்ச் பெட்டியில் முட்டினாலும், வெளிப்பக்கம் பார் எண்ட் வெயிட்டில் (ஹேண்டில் முனையில் இருக்கிற எடைக்கட்டி) உரசினாலும், விட்ட ஆக்சிலேட்டர் திரும்பி வராமல் பாதியில் நின்றுவிடும். எனக்கு மாட்டிக் கொடுத்த ஆல்பேட்டை மெக்கானிக் அண்ணன் எதையும் சீக்கிரம் விடாத ஆள். பிளேடால் இரண்டு முனையிலும் சீவி, ரெண்டு மூணு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, "தம்பி, முழுசா முறுக்கி கைய எடு, டக்குனு சத்தம் கேக்கணும், கேக்கலன்னா வண்டிய எடுக்காத" என்றார். எஞ்சின் ஆஃபில் அப்படிச் செய்ய வேண்டும், ஹேண்டிலை இடக்கோடி ஒடித்து ஒரு தடவை, வலக்கோடி ஒடித்து ஒரு தடவை. அப்புறம் ஸ்டார்ட் செய்து ஐடிலில் ஹேண்டிலைத் திருப்பி, சத்தம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். நாளாக நாளாக ஃபோம் மெல்ல உள்பக்கம் நகரும், அதனால் வண்டி கழுவும்போதெல்லாம் இந்த டக் சோதனையைச் செய்கிறேன்.

மாட்டும்போது எண்ணெய், கிரீஸ், பெட்ரோல் எதுவும் ஆகாது. எண்ணெய் உள்ளே தங்கி கவர் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆக்சிலேட்டரில் அது நடந்தால் நாம் முறுக்குவது ஒன்று, வண்டி கேட்பது ஒன்று. பெட்ரோல் ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும். சோப்புத் தண்ணீர் பரவாயில்லை, காய நேரம் எடுக்கும். நல்லது ஸ்பிரிட் மாதிரி தண்ணியாக இருக்கிற கை சானிடைசர்: உள்ளே தெளித்தால் கவர் வழுக்கிக்கொண்டு ஏறும், சாராயம் ஆவியானதும் கவ்விப் பிடிக்கும். ஜெல் சானிடைசர் பிசுபிசுக்கும், வேண்டாம். ஜிப் வைத்தது, வெல்க்ரோ ஒட்டுவது எதையும் ஆக்சிலேட்டர் பக்கம் நான் சிபாரிசு செய்ய மாட்டேன், எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்சம் சுற்றுகிறது.

ஆயுள்? நம்ம ஊர் வெயிலும் வேர்வை உப்பும் சேர்ந்து ஃபோமைத் தின்றுவிடும். முதலில் போவது வலது பக்கம், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில் உட்காருகிற இடம். அங்கே பளபளப்பு வரும், பிறகு கறுப்புப் பொடி உதிரும், வெள்ளைச் சட்டை போட்டால் கைமடிப்பில் தெரியும். பொடி உதிர ஆரம்பித்தால் மாற்ற வேண்டியதுதான், ஒட்டுப்போட்டு ஓட்டக்கூடாது. வெயிலில் நிறுத்தும்போது ஹேண்டில் மேல் ஒரு துணியைப் போட்டு வைப்பதால் எனக்கு ஒரு சோடி ஒரு கோடையைத் தாண்டி உழைக்கிறது.

ஒன்று சொல்லியாக வேண்டும். கவர் மாட்டுவதற்கு முன் செலவே இல்லாத இரண்டு வேலை இருக்கிறது. கிளட்ச், பிரேக் லீவர்கள் எந்தச் சாய்வில் நிற்கின்றன என்று பாருங்கள்; உட்கார்ந்து கையை நீட்டினால் முன்கை, மணிக்கட்டு, விரல் ஒரே நேர்க்கோட்டில் வர வேண்டும், மணிக்கட்டு மேலே மடங்கினால் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி லீவரைக் கீழே இறக்குங்கள். அப்புறம் எஞ்சின் மவுண்டிங் போல்ட்டுகள். திடீரென்று அதிர்வு கூடியிருந்தால் அது கிரிப்பின் குறை அல்ல, போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது முன்டயரில் காற்று அளவுக்கு மேல் இருக்கும். அதைச் சரி செய்யாமல் ஃபோம் போடுவது வலியை மூடி வைப்பது மட்டும்தான். அதே போல வண்டி ஓட்டாத நாளிலும் விரல் மரத்தாலோ, ராத்திரி தூக்கத்தில் கை மரத்து முழிப்பு வந்தாலோ டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை, கழுத்து எலும்புத் தேய்மானம் என்று வேறு காரணங்கள் இருக்கலாம்.

கடலூர் முதுநகர் துறைமுகத்துப் பக்கம் மீன் கூடை ஏற்றி ஓட்டுகிறவர்கள் பழைய சைக்கிள் டியூபை வெட்டி கிரிப்பில் சுற்றியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நானும் அப்படி ஒருவரின் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தேன். ஈரக்கையில் வழுக்கவே வழுக்காது, அந்த வேலைக்கு அது அருமை. ஆனால் மெத்து இல்லை, வெயிலில் சூடு ஏறுகிறது, நீண்ட ஓட்டத்துக்கு என்பிஆர் ஃபோம்தான் என் தேர்வு. ஐப்பசி பிறக்கும் முன் பழைய சோடியைக் கழற்றி, உள்ளே தங்கிய மண்ணைக் கழுவி, தேவைப்பட்டால் புதுசு மாட்டிவிடுகிறேன்; மழை கொட்டும்போது கடை தேடி அலைவதைவிட அது மேல்.